கண்ணுக்குத் தெரியாத மீன்

செவ்வாய், டோக்கியோ

கிளம்புமுன் ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பச்சை மீனைத் தின்னப் போறியா?" பச்சை மீனால் இங்கே ஒரு தொந்தரவும் இல்லை. தட்டில் பளிச்சென்று கிடக்கிறது, வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். ஆட்டிவைப்பது தண்ணீருக்குள் கரைந்து போன மீன்.

கூட வந்திருப்பது அக்கா. தூத்துக்குடியில் மீன் வாடையிலேயே வளர்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு சுத்த சைவம். முட்டையும் கிடையாது. ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்திருக்கிறாள்: இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் ஆகாது. அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் அட்டைக்குப் பிரயோசனமே இல்லை. தாஷி என்பது இங்கே எல்லாச் சமையலுக்கும் அடியில் ஓடும் சாறு. கோம்பு என்கிற கடல்பாசியையும், புகைபோட்டுக் காயவைத்த சூரை மீனின் சீவலையும் போட்டு இறக்குவது. சூப், கீரை மசியல், வெந்த கத்தரிக்காய், டோஃபு மேல் ஊற்றும் குழம்பு எல்லாவற்றிலும் அது உண்டு. "காய்கறி மட்டும்தான்" என்று கடைக்காரர் மனசாரச் சொல்வார். அந்தக் காய் வெந்த தண்ணீர் மீன் சாறாக இருக்கும்.

மதியம் கந்தா பக்கம் ஒரு சோபா கடை. சோபா, பக்வீட் என்கிற விதையின் மாவில் செய்த மெல்லிய பழுப்பு நூடுல்ஸ். அக்டோபர் என்பதால் வாசலிலேயே 'புது சோபா வந்துவிட்டது' என்று தாள் ஒட்டியிருந்தார்கள். இலையுதிர்காலத்தில் அறுவடையான புது மாவுக்காகவே ஆட்கள் வருகிறார்கள். பத்துக்கு எட்டு பங்கு பக்வீட், இரண்டு பங்கு கோதுமை என்பது எடோ காலத்துக் கணக்கு. எடோ, டோக்கியோவின் பழைய பெயர். முழுக்க பக்வீட்டிலேயே செய்வதும் உண்டு. அது லேசில் உடைந்துவிடும்.

அட்டையைப் படித்த பெண் உள்ளே போய் ஒரு பெரியவரை அழைத்து வந்தார். அவர் குனிந்து வணங்கி, தொட்டுக்கொள்ளும் ட்ஸுயுவில் மீன் சாறு இருக்கிறது, அதை எடுக்க வழியில்லை என்றார். சோயா சாஸ், சர்க்கரை, மிரின் என்கிற இனிப்பு அரிசி மது மூன்றையும் காய்ச்சி நாட்கணக்கில் ஆறவைத்து, அதில் கெட்டியான சூரைச் சாற்றைக் கலப்பதுதான் ட்ஸுயு. மீன் போனால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. "உப்பு வைத்துச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு சின்னத் தட்டில் உப்பும், அப்போதே துருவிய வசாபியும் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா முகம் சுளித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பாதித் தட்டு போனபின், "மாவு வாசம் நல்லா தெரியுதுல்லா" என்றாள். நல்ல சோபாவின் முதல் வாயை உப்போடு சாப்பிடுவதே முறை என்று சொல்கிறவர்கள் இங்கேயும் உண்டு. நான் ட்ஸுயுவில் நுனியை மட்டும் நனைத்து உறிஞ்சினேன். டோக்கியோ ட்ஸுயு கறுப்பாக, உப்பாக இருக்கும். முழுக்க முக்கினால் சோயாதான் தெரியும். கடை முழுக்க உறிஞ்சும் சத்தம். கடைசியில் சோபா வெந்த கஞ்சித் தண்ணீரை ஒரு சதுரக் கூஜாவில் கொண்டுவந்தார்கள். மிச்ச ட்ஸுயுவில் ஊற்றிக் குடிக்க வேண்டும். அக்கா அதை வெறுமனே குடித்தாள்.

புதன், டோக்கியோ

காலையில் ட்ஸுகிஜி. மொத்த வியாபாரச் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்குப் போய்விட்டது. வெளிச்சந்தை மட்டும் பழைய இடத்திலேயே நெருக்கியடித்துக் கிடக்கிறது. சுற்றுலாக் கூட்டம், குச்சியில் குத்திய இறால், புகைப்படம். சூரைச் சீவல் விற்கும் ஒரு கடை மட்டும் நன்றாக இருந்தது. அதைப்பற்றி கியோட்டோ போய் எழுதுகிறேன்.

மதியம் சுஷி. "கவுண்டர்ல எட்டுப் பேருதான் உக்காரலாம், அதுல ஒரு எடத்த நான் வெள்ளரிக்காய்க்கு அடைச்சுக்கணுமாக்கும்? நீ போயிட்டு வா" என்று அக்கா கழன்றுகொண்டாள். உமெபோஷி என்கிற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை இரண்டு வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்த மாதிரிக் கவுண்டரில் மெனு கிடையாது. சமையல்காரர் அன்று காலை வாங்கிய மீனை வைத்து அவர் வரிசையில் கொடுப்பார், நாம் வாங்கிச் சாப்பிடுவோம். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் தொடங்கும். பத்து நிமிடம் தாமதமாகப் போனால் மற்ற ஏழு பேருடைய சோறு ஆறும். சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தார்கள்.

பச்சை மீனைச் சோற்றின் மேல் வைப்பதுதான் சுஷி என்று நினைத்துக்கொண்டு வருகிறவருக்கு முதல் துண்டே பாடம். கொஹாதா, வெள்ளி மினுங்கும் ஒரு சின்ன மீன். உப்பில் கிடந்து, காடியில் ஊறி வந்தது. இன்று நாம் பார்க்கும் கைப்பிடி சுஷி 1820கள் வாக்கில் எடோவில் வந்தது. ஹனாயா யோஹேய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம். டோக்கியோ விரிகுடா மீனை உப்பு, காடி, சோயா, கொதிநீர் என்று ஏதோ ஒன்றில் பக்குவப்படுத்தித்தான் தெருவோரத்தில் விற்றார்கள். அந்தப் பக்குவம்தான் கைத்திறன். மீன் எவ்வளவு புதிது என்பதையே பேசிக்கொண்டிருப்பது பாதி விஷயத்தை விட்டுவிடுவதாகும்.

சோயாவை அவரே தூரிகையால் தடவிக் கொடுக்கிறார். கையால் எடுக்கலாம், தப்பில்லை. வைத்த உடனே வாயில் போட வேண்டும். பக்கத்தில் ஒரு இளைஞர் படமெடுத்துக்கொண்டே இருந்தார். சமையல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த துண்டைச் செய்யாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இளைஞர் போனை வைத்துவிட்டார்.

நடுவில் கட்சுவோ வந்தது. நம் சூரை மீன் வகைதான். வசந்தத்தில் குளிர்ந்த வடகடலை நோக்கி ஏறிப்போய், இலையுதிர்காலத்தில் கொழுத்துத் திரும்பும். திரும்பி வருவதற்குத் தனி மவுசு. தோல் பக்கத்தை வைக்கோல் நெருப்பில் லேசாக வாட்டி, மேலே இஞ்சி வைத்திருந்தார். கொழுப்பு, புகை, பிறகு இஞ்சிக் காரம். சூரை என்றால் புளிக்குழம்பு என்று மட்டுமே தெரிந்த எனக்கு அது வேறு மீனாகத் தெரிந்தது. "இந்தக் கொழுத்த மீன் கட்சுவோபுஷிக்கு ஆகாது" என்றார் அவர். தாஷிக்குப் போடும் அந்தக் காய்ந்த சூரைதான் கட்சுவோபுஷி. கொழுப்பிருந்தால் காயவைத்ததில் சிக்கு வாடை வரும், சாறு கலங்கும். அதற்கு மெலிந்த மீன்தான் தோது.

ஆளுக்கு 6,000 யென். டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை. அதற்காகவே இந்த நாட்டுக்கு மறுபடி வரலாம்.

வியாழன், கியோட்டோ

ஷின்கான்சென் புல்லட் ரயில் பற்றி எழுதாதவர் இல்லை, நான் எழுதவில்லை. பெட்டிச் சாப்பாடு சுமார்.

நிஷிகி சந்தை, கூரை போட்ட ஒரு நீளச் சந்து. 1615இலேயே மீன் சந்தையாக அனுமதி பெற்ற இடம். இப்போது குச்சித் தீனிக்காரர்கள் நிறைய நுழைந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டிப் போனால் கோம்பு கடை இருக்கிறது. மரப்பலகை மாதிரி நீண்டு காய்ந்த பாசிகள், மேலே வெள்ளைப் பூப்பு. பூஞ்சணம் என்று நினைத்து அக்கா பின்வாங்கினாள். அது பாசியின் சுவைச் சத்தே வெளியே படிந்தது. கழுவிவிடக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றினால் போதும் என்றார் கடைக்கார அம்மாள். எல்லாமே வடக்கே ஹொக்கைடோ கடலில் விளைவது. ரிஷிரித் தீவுக் கோம்புவின் சாறு தெளிவாக இருக்கும், கியோட்டோ சமையல்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஒசாகாவில் மா-கோம்பு, அது இனிப்பு. சில கடைகளில் கிடங்கில் ஒரு வருஷத்துக்கு மேல் பழுக்க வைத்தே விற்கிறார்கள்.

இந்தப் பாசிச் சாற்றிலிருந்துதான் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908இல் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போக இது தனிச் சுவை என்று சொல்லி உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அது கடைக்கு வந்தது: அஜினோமோட்டோ. நம்மூரில் 'எங்கள் உணவில் அஜினோமோட்டோ கிடையாது' என்று போர்டு போடும் ஓட்டல்காரர்களை நினைத்துக்கொண்டேன். தக்காளியிலும் அதே குளுட்டமேட் இருக்கிறது.

இக்கேடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா, 1913இல் கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று கண்டுபிடித்தார். பாசியின் சுவையும் மீனின் சுவையும் சேர்ந்தால் வருவது கூட்டல் இல்லை, பெருக்கல். வேதியியல் தெரியாமலே சமையல்காரர்கள் நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒரே பானையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்கடையில் அந்த மீன். ஆள் ஒரு கட்டையைக் கையில் கொடுத்தார். இரண்டை மோதினால் 'டங்' என்கிறது. சூரையைப் பிளந்து, கொதிக்காத வெந்நீரில் வேகவைத்து, முள்ளெடுத்து, ஓக் மாதிரியான விறகில் விட்டுவிட்டுப் புகை போடுவார்கள். சாதாரணச் சரக்கு அதோடு முடிந்துவிடும். உயர்ந்த ரகத்துக்கு மேலே பூஞ்சணம் வளர்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி பூஞ்சணம், மறுபடி வெயில். ஆறு மாதம் வரை போகும். பூஞ்சணம் மிச்ச ஈரத்தை உறிஞ்சி, கொழுப்பையும் உடைத்துவிடுவதால் சாறு கண்ணாடி போல் வரும். ககோஷிமா மாவட்டத்து மகுராசாகிதான் இதற்குப் பேர்போன துறைமுகம்.

நான் முகர்ந்து பார்த்ததும் சொன்னேன்: "அக்கா, மாசி." அவள் கிட்டவே வரவில்லை, மூக்கை மட்டும் நீட்டி, "ஆமாலே, மாசியேதான்" என்றாள். மாலத்தீவிலும் இலங்கையிலும் நம் கடற்கரையிலும் அதே சூரையை அவித்து, புகைபோட்டு, காயவைத்து எடுப்பதுதான் மாசிக் கருவாடு. யாழ்ப்பாணத்துச் சமையலில் அதை இடித்துச் சம்பலில் போடுவார்கள். ஜப்பானியர் பூஞ்சணம் ஏற்றுகிறார்கள், நம்மவர்கள் ஏற்றுவதில்லை. அவர்கள் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சக்கையைத் தள்ளுகிறார்கள், நாம் மீனையே தின்கிறோம்.

வெள்ளி, கியோட்டோ

இந்தப் பயணத்தில் பெரிய செலவு இன்றைய மதியச் சாப்பாடுதான். கைசெகி, ஒவ்வொரு தட்டாக வரிசையில் வரும் ஜப்பானிய விருந்து.

ஊரிலிருந்தே இடம் கேட்டு எழுதியிருந்தேன். முதலில் கேட்ட கடை மறுத்துவிட்டது. மீன் தாஷி இல்லாமல் எங்கள் சமையல் நிற்காது, அரைகுறையாகச் செய்து உங்களிடம் காசு வாங்க எங்களுக்கு இஷ்டமில்லை, மன்னிக்கவும் என்று பணிவாகப் பதில். அக்கா கோபித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கடை மேல் மரியாதை கூடியது. "ஆச்சுங்க, பண்ணிரலாம்" என்று தலையாட்டிவிட்டு மீன் சாற்றிலேயே வேகவைத்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இரண்டாவது கடை, சில நாள் முன்கூட்டியே சொன்னதால் ஒத்துக்கொண்டது. ஆளுக்கு 12,000 யென், வராவிட்டாலும் கட்ட வேண்டும்.

கவுண்டருக்குப் பின்னால் சமையல்காரர், உதவிக்கு இரண்டு பேர். முன்தட்டுகள் வந்தன, அழகாக இருந்தன, விடுங்கள். மூடி போட்ட கறுப்பு அரக்குக் கிண்ணம் வந்ததும் எதிரில் நின்ற சமையல்காரர் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். இந்தச் சாப்பாட்டில் உயிர்நிலை இந்தக் கிண்ணம்தான். மூடி சூட்டில் இறுகிப் பிடித்திருந்தது. இழுக்கக் கூடாது, கிண்ணத்தின் இரு பக்கத்தையும் ஒரு கையால் லேசாக அழுத்தினால் காற்று நுழைந்து தானே விடும். திறந்ததும் மட்சுதாகே காளானின் மணம் முகத்தில் அடித்தது.

என் கிண்ணத்தில் காளானோடு ஹாமோ, கடல் விலாங்கு வகை. கியோட்டோவுக்குக் கடல் இல்லை. அந்தக் காலத்தில் கோடையில் உயிரோடு இங்கே வந்து சேரும் அளவுக்கு உரமான மீன் இது என்பதால் ஊர் இதைத் தத்தெடுத்துக்கொண்டது. உடம்பெல்லாம் நுண்முள், பிடுங்க முடியாது. ஆகவே மூன்று செண்டிமீட்டருக்கு இருபத்து நாலு வெட்டு என்ற கணக்கில், அடித்தோல் அறுபடாமல் கனத்த கத்தியால் நறுக்குகிறார்கள். கொதிநீரில் போட்டதும் பூவாக விரிந்துவிடும். கோடை மீனும் இலையுதிர்காலக் காளானும் சந்திப்பது வருஷத்தில் சில வாரம்தான்.

அக்காவுடையதில் அதே காளான், மீனுக்குப் பதில் யூபா, சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே கட்டும் ஆடை. சாறு கோம்பு மட்டும். ஒரு வாய் குடித்தாள். "உப்புப் போட்ட வெந்நிலே இது."

"அவசரப்படாத, அடுத்த வாய் குடி."

குடித்தாள். பேசவில்லை. மூன்றாவது வாய்க்குப் பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள், நான் ருசி பார்க்க. என்னுடையதில் முதலில் மூக்கில் புகை ஏறியது, நாக்குக்கு அப்புறம்தான் வந்தது. அவளுடையதில் மூக்குக்கு ஒன்றுமில்லை. விழுங்கியபின் நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஏதோ ஊறத் தொடங்கி, நெடுநேரம் போகவில்லை. எது உயர்ந்தது என்று கேட்டால் என்னுடையதுதான் என்பேன். ஆனால் காளான் மணம் அவள் கிண்ணத்தில்தான் முழுசாக இருந்தது.

சமையல்காரரிடம் கேட்டேன். கோம்புவை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருப்பாராம். கொதித்தால் வழவழப்பும் கடல் வாடையும் இறங்கிவிடும். கியோட்டோ தண்ணீர் மென்னீர், பாசிச் சாறு லேசாக இறங்கும். அக்காவுக்காகக் கோம்புவை இரண்டு பங்கு போட்டாராம். காய்ந்த ஷிட்டாகே காளானும் சேர்த்தால் இன்னும் கனம் வரும், ஆனால் அதன் வாசம் மட்சுதாகேவை அமுக்கிவிடும் என்று சேர்க்கவில்லை. இத்தனை யோசனை, சிவப்பாக ஒன்றும் மிதக்காத ஒரு கிண்ணத் தண்ணீருக்கு.

மீதி: வாட்டிய மீன், அவளுக்கு மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுது தடவிச் சுட்ட கத்தரிக்காய், கடைசியில் மண்சட்டிச் சோறு, ஊறுகாய், ஒரு கீற்று சீமைப் பனிச்சைப் பழம் (பெர்சிமன்). சோறு அருமை.

சனி, கோயாசான்

ஒசாகா நம்பாவிலிருந்து நங்காய் ரயில், மலையடியில் கேபிள் கார், பிறகு பஸ். 816இல் கூகாய் என்ற துறவிக்குப் பேரரசர் கொடுத்த மலை. இங்குள்ள 117 கோயில்களில் ஐம்பது சொச்சத்தில் தங்கலாம்.

சாப்பாடு மாலை ஐந்தரைக்கே. சிவப்பு அரக்குக் குட்டிமேசைகள், மொட்டைத்தலை இளந்துறவிகள் பரிமாறினார்கள். அட்டை பைக்குள்ளேயே இருந்தது. இங்கே மீன், இறைச்சி, முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு வகையும் கிடையாது. தாஷி கோம்புவும் ஷிட்டாகேவும். காய்ந்த ஷிட்டாகேவில் இருப்பது குவானிலேட், 1957இல் அகிரா குனினாகா கண்டது. மீன் செய்யும் பெருக்கலை இதுவும் செய்கிறது. அதாவது சைவத் துறவிகள் அந்தக் கணக்குக்கு இன்னொரு விடை வைத்திருந்தார்கள்.

எள்ளு டோஃபுவில் சோயாவே இல்லை. எள்ளை அரைத்து குட்ஸு கிழங்கு மாவோடு கிண்டிக்கொண்டே இருந்து கட்டியாக்குவது. வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. கோயா டோஃபு இந்த மலைக் குளிரின் பிள்ளை. உறையவைத்துக் காயவைத்தது, பஞ்சு மாதிரி. கடித்தால் சாறு பொங்கும். அக்கா மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாள். "உறைப்பு மட்டும் ஒரு சிட்டிகை இருந்தா இங்கயே இருந்துருவேன்." பீர் வேண்டுமா என்று இளந்துறவி கேட்டார். அக்கா பார்த்த பார்வையில் நான் தேநீர் போதும் என்றேன்.

ஞாயிறு, கோயாசான், ஒசாகா

காலை ஆறரைக்குப் பூஜை, கால் மரத்துவிட்டது. பிறகு ஒகுனோயின்: தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள். கூகாய் 835இல் சாகவில்லை, உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்பது இங்கே நம்பிக்கை. ஆகவே அவருக்குச் சாப்பாடு போகிறது, காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும், நாள் தவறாமல். நாங்கள் பத்தரைக்குப் பார்த்தோம். வெள்ளை மரப்பெட்டியை இருவர் தூக்கிக்கொள்ள, முன்னால் ஒரு மூத்த துறவி. நேரே போகவில்லை, முதலில் சாப்பாட்டை ருசி பார்க்கும் ஜிசோ சன்னதியில் காட்டிவிட்டுத்தான் பாலம் தாண்டினார்கள். பாலத்துக்கு அப்பால் படமெடுக்கக் கூடாது. நிவேதனம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் புதிதாக வியக்க ஒன்றுமில்லை; ருசி பார்க்க ஒரு சாமியைத் தனியாக வேலைக்கு வைத்திருப்பதுதான் புதிது.

மாலை ஒசாகா. அக்காவின் சொர்க்கம் அதோடு முடிந்தது. ஒக்கோனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடை மேல் சூரைச் சீவல் ஆடுகிறது, மாவிலும் தாஷி. தாகோயாகி ஆக்டோபஸ் வைத்த உருண்டை, பேச்சே வேண்டாம். டிபார்ட்மென்ட் ஸ்டோர் அடித்தளத்தில் வெள்ளரி மாகியும் (சுருட்டிய சுஷி) பழமும் வாங்கிக்கொண்டாள்.

நான் கிட்ஸுனே உடோன் தேடிப் போனேன். இந்த ஊரில் 1890களில் பிறந்த பண்டம். உடோன் என்பது பருத்த வெள்ளைக் கோதுமை நூடுல்ஸ், மேலே இனிப்பாக வெந்த பொரித்த டோஃபு. சாறு அடிக்கிண்ணம் தெரியும் பொன்னிறம். எடோ காலத்தில் வடகடல் கோம்பு ஏற்றிய கிட்டமாயேபுனே கப்பல்கள் மேற்குக் கரையைச் சுற்றி ஒசாகாவுக்கே வந்தன. நல்ல பாசியெல்லாம் இங்கே இறங்கிவிட்டது. எடோவுக்கு மிச்சம்தான், தண்ணீரும் கொஞ்சம் கடினம், ஆகவே அங்கே சூரையும் நோடா, சோஷி ஊர்களின் கறுப்பு சோயாவும் மேலே வந்தன. இங்கே தட்ஸுனோவின் வெளிர் சோயா, நிறம் கொடுக்காமல் உப்பை மட்டும் கொடுக்கும்.

இந்தச் சண்டை கப் நூடுல்ஸ் வரை போயிருக்கிறது. 1976இல் வந்த டொன்பேய் உடோனைக் கிழக்குக்கு ஒரு ருசி, மேற்குக்கு ஒரு ருசி என்று செய்கிறார்கள். மூடியில் பொடி எழுத்தில் கிழக்குக்கு 'ஈ', மேற்குக்கு 'டபிள்யூ'. டோக்கியோவில் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த ஈயையும், இங்கே வாங்கிய டபிள்யூவையும் இன்று இரவு ஓட்டல் அறையில் ஒன்றாக வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். ஈ கறுப்பு, முதல் வாயிலேயே சோயா. டபிள்யூ வெளிறல், கோம்பு மெதுவாக வந்தது. என் ஓட்டு மேற்குக்கு.

"ரெண்டுலயும் மீன்தானே? அந்தப் பக்கமா போய்த் தின்னு, ஜன்னலத் தொற" என்றாள் அக்கா. இந்த ஓட்டலில் ஜன்னல் திறக்காது.